சாக்லேட் என்றால் லேசானதா?

திருப்பூர்ப் பக்கம் கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்தி இப்போதெல்லாம் பேப்பரின் உள்பக்கத்தில் நாலைந்து வரிகளோடு முடிந்துவிடுகிறது. பனியன் கம்பெனிக்கு அருகே ஒரு பெட்டிக்கடை, அல்லது லைன் வீட்டில் ஒரு வாடகை அறை, ஒரு பை நிறைய மிட்டாய், ஒரு கைது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே சமாதானம்தான் பல வாய்களிலிருந்து வருகிறது: “புகைக்கறதில்லீங்க, மிட்டாய்தானே. சாராயத்துக்கு இது தேவலை. ஆயுர்வேதச் சரக்கு. அளவு தெரிஞ்சு தின்னா ஒண்ணும் பண்ணாது.”

இதில் சாராயத்தைப் பற்றிய பேச்சு பாதி உண்மை. கஞ்சாவை மட்டும் அதிகம் உட்கொண்டதால் பெரியவர்கள் விஷமேறி இறப்பது மிக அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதைப் பார்த்த மாநிலத்தில், அந்த வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மிட்டாய் என்பதால் லேசானது, ஆயுர்வேதம் என்பதால் பத்திரமானது, அளவு தெரிந்தால் போதும் என்ற மற்ற மூன்றும் தவறு. கடைசியாகச் சொல்வதுதான் மிகவும் ஆபத்தானது. இந்த மிட்டாயில் எவ்வளவு இருக்கிறது என்று தின்பவருக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரியாது, பிடிக்கிற போலீசுக்கும் தெரியாது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தால் டியூட்டி டாக்டருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்கலாம். கஞ்சாவின் போதைக்குக் காரணம் டிஹெச்சி என்ற வேதிப்பொருள். புகையாக இழுத்தால் அது நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும். இழுத்தவருக்கு உடனே தெரியும். போதும் என்று தோன்றினால் பீடியை அணைத்துவிடலாம். தின்றால் அந்த வசதி இல்லை. வயிறு, குடல் என்று கடந்து அது கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி-டிஹெச்சி என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுவும் போதை தரும். மூளைக்குள் எளிதாகப் புகும். வேலை காட்டத் தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். உச்சத்துக்குப் போக இரண்டு முதல் நான்கு மணி நேரம். முழுதாக இறங்க ஆறு, எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். வெறும் வயிற்றில் தின்றால் ஒரு மாதிரி, எண்ணெயும் கறியுமாகச் சாப்பிட்டுவிட்டுத் தின்றால் வேறு மாதிரி. ஒரே ஆளுக்கே ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது.

தின்பதில் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் டிஹெச்சியின் விகிதம் புகைப்பதைவிடக் குறைவு என்பது உண்மைதான். லேசானது என்று வாதிடுபவர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு அதுதான். அது தாமதமாக வருகிறது, நெடுநேரம் நிற்கிறது, நடுவில் நிறுத்த வழியில்லை என்ற மூன்றையும் அவர்கள் சொல்வதே இல்லை.

திருப்பூரின் ஒரு சனிக்கிழமை இரவில் இதைப் பொருத்திக் கணக்குப் போட்டால் விளங்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வாரச் சம்பளத்தோடு வெளியே வருகிறான் ஒரு இளைஞன். ஓவர்லாக் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்த முதுகு. ஒன்பது மணிக்கு அறையில் ஒரு சாக்லேட்டை வாயில் போடுகிறான். ஒன்பதே முக்காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. “டூப்ளிகேட் சரக்கு” என்று அறைத்தோழர்கள் சிரிக்கிறார்கள், இரண்டாவதைத் தின்கிறான். பத்தேகாலுக்கு மூன்றாவது. பதினொரு மணிக்கு முதல் சாக்லேட் ஏறத் தொடங்குகிறது. நள்ளிரவில் மூன்றும் சேர்ந்து ஏறுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, சுவர் நகர்கிறது, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. இதில் பேராசை எங்கே இருக்கிறது? அவன் தன் உடம்பு சொன்னதைத்தான் நம்பினான். தின்னும் கஞ்சாவில் முதல் ஒரு மணி நேரம் உடம்பு சொல்வதை நம்பவே கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதே கணக்கு அமெரிக்காவில் ஒரு உயிரைக் குடித்தது. கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் பொழுதுபோக்குக்கான கஞ்சா விற்பனை சட்டப்படி தொடங்கியது. அந்த மார்ச்சில், முன்பின் கஞ்சா பழக்கமில்லாத 19 வயது மாணவன் ஒருவனுக்கு நண்பர் கடையில் ஒரு கஞ்சா பிஸ்கட் வாங்கித் தந்தார். அதில் 65 மில்லிகிராம் டிஹெச்சி, அதாவது ஆறு பேருக்கான அளவு. ஒரு துண்டு மட்டும் தின்னும்படி கடைக்காரர் சொல்லியிருந்தார். மாணவனும் அப்படியே செய்தான். அரை மணி, ஒரு மணி நேரம் வரை ஒன்றும் தெரியவில்லை, மீதியையும் தின்றான். முதல் துண்டைத் தின்று சுமார் மூன்றரை மணி நேரத்தில், நிலை தவறி, நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து குதித்து இறந்தான். உறையில் எண் இருந்தது, கடைக்காரரின் எச்சரிக்கை இருந்தது, அரசின் உரிமம் இருந்தது. அத்தனையும் இருந்தும் தாமதம் அவனை ஏமாற்றிவிட்டது.

அது ஏதோ ஒரு துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. கொலராடோவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் 2014 முதல் 2016 வரையான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வெளியானது. அந்த மாநிலத்தில் விற்ற மொத்த டிஹெச்சியில் தின்பண்டங்களின் பங்கு 0.32 சதவீதம். கஞ்சாவால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் தின்பண்டத்தால் வந்தவர்களோ 10.7 சதவீதம். லேசான சரக்கு ஆஸ்பத்திரி வாசலில் இப்படி முப்பது மடங்கு கூடுதலாக வந்து நிற்குமா?

படித்த இளைஞர்கள் இந்த இடத்தில் இன்னொரு பதிலைச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் புதியவர்களுக்குச் சொல்லித் தரும் முறை ஒன்று உண்டே, இரண்டரை மில்லிகிராமில் தொடங்கு, இரண்டு மணி நேரமாவது பொறு, அவசரப்படாதே, அதைப் பின்பற்றினால் போதாதா என்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அது எதன் மேல் நிற்கிறது? கொலராடோ அந்த மரணத்துக்குப் பிறகு, 2015-இல், ஒவ்வொரு 10 மில்லிகிராமும் தனித்தனியாகப் பிரித்துத் தெரியும்படி பண்டத்தைச் செய்யச் சொன்னது. கனடா 2019-இல் தின்பண்டங்களை அனுமதித்தபோது ஒரு பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னால் ஆய்வகம் இருக்கிறது, பண்டத்தைத் திரும்பப் பெறவைக்கும் அதிகாரம் இருக்கிறது. அதெல்லாம் இருந்துமே அளவு தப்புகிறது. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் நகரக் கடைகளில் வாங்கிய 75 பண்டங்களைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உறையில் போட்ட எண்ணோடு பொருந்தியவை 17 சதவீதமே. 60 சதவீதத்தில் சொன்னதைவிடக் குறைவு, 23 சதவீதத்தில் கூடுதல். திருப்பூரின் காதர்பேட்டையிலோ வீரபாண்டியிலோ கைமாறும் மிட்டாயில் எந்த மில்லிகிராமிலிருந்து தொடங்குவது? பாதியாகக் கடித்தால் பாதி அளவு என்று நினைப்பதும் வீண். பத்து மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. ஐந்து கிராம் மிட்டாயில் அது ஐநூறில் ஒரு பங்கு. அரைத்த இலையைப் பாகில் கொட்டிக் கரண்டியால் கிளறினால் அந்தப் பங்கு எல்லா மிட்டாய்க்கும் சமமாகப் போய்ச் சேராது. ஒரு கட்டி ஒரு மிட்டாயில் விழுந்துவிட்டால் பக்கத்து மிட்டாய் வெறும் சர்க்கரை.

இலையின் கணக்கும் அப்படித்தான். நூற்றுக்கு ஒரு பங்கு டிஹெச்சி உள்ள இலையில் ஒரு கிராம் சேர்த்தால் 10 மில்லிகிராம். நூற்றுக்கு மூன்று பங்கு உள்ள இலை என்றால் அதே ஒரு கிராமில் 30. பச்சைச் செடியில் அது பெரும்பாலும் போதை தராத அமில வடிவில் இருக்கிறது. சூடு பட்டால்தான் டிஹெச்சியாக மாறும். ஆகவே எத்தனை நேரம் வறுத்தார்கள், எந்தச் சூட்டில் என்பதும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கிறது. போன வாரம் அதே கடையில் வாங்கித் தின்றதில் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வாரத்துக்கு எந்த உத்தரவாதமும் தராது.

அளவின் அருமை தெரியாத ஊரா திருப்பூர்? துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்து ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 180 கேட்ட பையருக்கு 170 வந்தால் ரோலே திரும்பும். சாயப்பட்டறையில் லேப் டிப் எனும் சாய மாதிரி ஓகே ஆகாமல் சாயத்தொட்டியில் துணி இறங்காது. தையலில் ஊசி உடைந்தால் லைனையே நிறுத்தி, உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, ஊசி முழுதாகச் சேர்ந்ததா என்று பொருத்திப் பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் உடம்பில் அந்த முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக. அந்த ரெஜிஸ்டரைத் தினமும் கையால் தொடுகிறவர்களில் ஒருவர்தான், எவ்வளவு என்று எழுதாத ஒரு மிட்டாயை நம்பி வாயில் போடுகிறார்.

குழந்தை என்றதும் லைன் வீடுகள் நினைவுக்கு வர வேண்டும். ஒரே அறையில் சமையல், படுக்கை, அலமாரி. கஞ்சா பீடியைக் குழந்தை எடுத்து வாயில் வைக்காது. பளபளப்பான தாளில் சுற்றிய மிட்டாயை எடுக்கும். அமெரிக்காவின் விஷமுறிவு மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டத்தை விழுங்கியதாக 2017-இல் வந்த தகவல்கள் 207, 2021-இல் 3,054. பெரியவர்கள் தூங்கி எழுந்து தேறிவிடும் அளவு, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையை எழுப்ப முடியாத மயக்கத்தில் தள்ளும், மூச்சையும் மட்டுப்படுத்தலாம். “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்பவர்கள் இந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது.

இனி ஆயுர்வேத வாதம். இங்கே பிடிபடும் சாக்லேட், முனக்கா எனும் கஞ்சா உருண்டை வகைகள் பலவற்றின் உறையில் ஆயுர்வேத மருந்து என்றே அச்சிட்டிருக்கும். சில வடமாநிலங்களில் அவை கடைகளில் தொங்குபவைதான். ஆயுர்வேதத்தில் இதற்கு விஜயா என்று பெயர். சித்தத்திலும் கஞ்சா சேர்ந்த லேகியங்கள் உண்டு. ஆனால் அந்த மருத்துவ முறைகளுக்கான சட்டமே இதை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது? மருந்து விதிகளின் இ(1) அட்டவணை என்பது ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல். கஞ்சா அதில்தான் இருக்கிறது. அப்பொருள் சேர்ந்த மருந்தின் உறையில் ‘மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கும், தமிழ் மட்டும் தெரிந்த, தையலில் உதவும் கைமடிப் பையனுக்கும் அந்த வரி வெறும் கோடு. எந்த மருத்துவரின் மேற்பார்வையில் பெட்டிக்கடையில் இது விற்பனையாகிறது?

காசியிலும் பூரியிலும் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் காலங்காலமாக இருக்கிறது, மக்கள் பைத்தியமாகிவிட்டார்களா என்று கேட்பவர்களும் உண்டு. 1893-94 இந்தியக் கஞ்சா ஆணையமே மிதமான பயன்பாட்டால் பெரும்பாலும் பெரிய தீங்கில்லை என்றுதானே எழுதியது என்று வரலாறும் சொல்வார்கள். எழுதியது உண்மை. அதே ஆணையம் மிதமிஞ்சிய பயன்பாடு தீங்கு செய்யும் என்றும் எழுதியது. பாங் அரைக்கும் ஊர்களில் அந்த மிதத்தைக் காப்பது எது? அரைப்பவர் ஆளைப் பார்த்து உருண்டை பிடிக்கிறார். புதிதாக வந்தவனுக்குச் சின்னது. சுற்றிலும் வீட்டார், உறவினர், திருவிழா. மயங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்தச் சூழல் எதுவும் ரயிலேறி வரவில்லை. உறையில் அடைத்த மிட்டாய் மட்டும்தான் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, காலையில் எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டிய தனி ஆளின் கையில் அது பாங் மரபு ஆகாது.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுப்புத் தீரும், கை வலி தெரியாது என்று சொல்லித்தான் இது தொழிலாளர்களிடம் விற்கப்படுகிறது. இரவு பன்னிரண்டுக்கு உச்சத்தில் இருந்த ஆள் காலை எட்டரைக்கு முழுத் தெளிவோடு இருப்பார் என்று சொல்ல முடியாது. டிஹெச்சி கவனத்தைச் சிதறடிக்கும், கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் வேகத்தைக் குறைக்கும். கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காக விரித்த துணிக்குள் கத்தி ஓடும்போது, துணியை அழுத்தும் இடது கைக்கும் கத்திக்கும் நடுவே சில அங்குலம்தான். இரும்பு வலைக் கையுறையைப் பலர் மாட்டுவதில்லை. சாயப்பட்டறையில் கொதிநீர், பாய்லர், வழுக்கும் தரை. வலி தெரியாமல் வேலை செய்ய வைக்கும் சரக்கு, விரல் போகும்போதும் தாமதமாகத்தான் தெரிவிக்கும்.

சட்டம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவில்லை, கூட்டவே செய்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்பது செடியின் பூ, காய்க் கொத்துகள் என்கிறது. கொத்தோடு சேராத இலையையும் விதையையும் விலக்கிவிட்டது. பாங் இலையில் செய்வது என்பதால், சாக்லேட்டில் இருப்பது கஞ்சாவே இல்லை என்று வாதாட இடம் கிடைக்கிறது. தின்பவர்களும் “இலைதான்” என்று தேற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கோடு 1961-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து வந்தது. பாங் பழக்கம் வேரூன்றிய நாடுகளுக்கு இடம் விட்டுப் போட்ட கோடு. உடம்பு அதைப் படித்ததில்லை. இலையிலிருந்து வந்தாலும் பூவிலிருந்து வந்தாலும் டிஹெச்சி ஒன்றேதான்.

பிடிபட்ட பிறகும் மில்லிகிராம் வெளியே வருவதில்லை. சட்டத்துக்கு வேண்டியது எடை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. கலவையாக இருந்தால் மொத்தக் கலவையின் எடையையே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. சர்க்கரையும் கோகோவும் சேர்ந்து தராசில் ஏறுகின்றன. போலீசின் கையிலுள்ள நிறமாற்றச் சோதனை கஞ்சா இருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. தண்டனை விதிக்க அது போதலாம். அந்த மிட்டாயை ஏற்கெனவே தின்றுவிட்டவருக்கு அதனால் என்ன பயன்?

“எல்லாம் வடக்கனுக வேலை” என்று முடித்துவிடும் குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். திருப்பூர் வழியே ஓடும் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் கஞ்சாப் பொட்டலங்கள் திரும்பத் திரும்பப் பிடிபடுவது உண்மை. அதற்காக அந்த ரயிலில் வந்திறங்கும் லட்சக்கணக்கானோரின் குணம் அது என்று பேசுவது அநியாயம். எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, கஞ்சாப் பிசினான சரஸ் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் நாட்டில் 2.8 சதவீதம். அதாவது நூறில் தொண்ணூற்றேழு பேர் தொடவில்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களால் திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் குவிந்ததை ஊர் மறந்திருக்காது. பயந்த தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். போனாலும் என்ன தின்றார் என்று சொல்ல மாட்டார். தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு இந்த மிட்டாய் எட்டாது என்ற மிதப்பும் இந்தப் பேச்சிலிருந்துதான் வருகிறது.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் தின்னத் தூண்டியதாகிவிடாதா என்பது பள்ளிகளிலும் கம்பெனிகளிலும் கேட்கும் தயக்கம். இரண்டு மணி நேரம் வரை ஏறாமல் இருக்கும் என்ற தகவல் யாரையும் தின்ன வைக்காது; இரண்டாவதைத் தின்ன விடாமல் தடுக்கும். போதை தீமை என்று மட்டும் சுவரில் எழுதினால், முதல் மிட்டாயைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சுவரைப் பொய் என்று முடிவு கட்டுவார்.

அதனால் கம்பெனி கேட்டில், டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். இந்த மிட்டாயில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தொடாதீர்கள். தின்றுவிட்டால் ஏறவில்லை என்று இன்னொன்றைத் தின்னாதீர்கள், மதுவையும் சேர்க்காதீர்கள். தின்றவரைத் தனியாக விடாதீர்கள், மாடியில் படுக்க வைக்காதீர்கள், மறுநாள் மெஷினில் உட்கார வைக்காதீர்கள். நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம் என்றால் 108. குழந்தை தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108. உறையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். பழக்கத்தை விட உதவிக்கு 14446.

தடயவியல் ஆய்வகங்கள் பிடிபட்ட சாக்லேட்டுகளில் மாதிரி எடுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் இருந்தது என்று அளந்து, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும். அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த எண்கள் நேரடியாக உதவும். கூடவே காண்ட்ராக்டர்களும் சூப்பர்வைசர்களும் தங்கள் ஆட்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும்.